மன்னிப்புக் கேட்கிற காட்சி

இந்த வாங்கிலே இருங்கள் தம்பி, அந்தக் கதிரைக்கு ஒரு கால் சரியில்லை. மருமகள் குசினிக்குள் தேத்தண்ணி வைக்கிறாள். சீனி கூடப் போடுவாள், முதலே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பேப்பரில் எழுதியதை என் மகன் தியாகலிங்கம் வாசித்துக் காட்டினான். படம் பழசு, கதை அதைவிடப் பழசு, கண்ணீரை வாளி வாளியாக அள்ளி ஊற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் படம் முதன்முதலில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோதும் ஒருவர் இப்படித்தான் எழுதினார். அப்போதும் தியேட்டர் நிறைந்தது. இப்போது ஓடுகிறது தேய்ந்த பிலிம் கொப்பி, திரை முழுக்க மழை பெய்கிற மாதிரிக் கோடு, அப்படியும் நிறைகிறது. ஏன் என்று பெண்கள் பக்கத்து வாசலில் நின்று விசாரித்தீர்களாம். அந்தப் படத்தை ஊரிலேயே அதிகம் பார்த்தவள் பண்டத்தரிப்புத் தங்கமுத்துதான், அவளைக் கேளுங்கள் என்று சனம் அனுப்பியிருக்கிறது.

நீங்கள் எழுதியதில் ஒன்று சரி. படத்தில் வருகிற அந்த மாமியார் கடைசியில் திருந்துவதற்குக் கதையில் ஒரு காரணமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இல்லைத்தான். காரணம் இருந்திருந்தால் நாங்கள் போயிருக்கமாட்டோம். காரணத்தோடு நடக்கிறதையெல்லாம் வீட்டிலேயே பார்க்கிறோம்.

நான் தோட்டக்கூலி. புகையிலைக் கன்றுக்குக் குடத்தால் தண்ணீர் சுமந்துதான் என் இடுப்பு இப்படிக் கோணிப்போனது. கனகலிங்கத்தைக் கட்டிக்கொண்டு இந்த வளவுக்கு வாழ வந்தபோது அவருடைய தாய் நாகமுத்து திடகாத்திரமாக இருந்தார். ஏழு பெற்று ஒன்றை வளர்த்தவர். என் முதல் பிள்ளை கமலாவதிக்கு நடை வந்து, பேச்சு வந்துகொண்டிருந்த நேரம், ஒரு பங்குனி வெயிலில் வயிற்றாலை போகத் தொடங்கியது. உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, அந்த நாளில் வயிற்றாலை போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. ஊர் வழக்கம் அது. மாமி தண்ணீர்ப் பானையைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அதற்குக் காவல் இருந்தார்.

"தண்ணி குடுத்தியெண்டால் அவ்வளவும் கீழாலை போயிடும். நாக்கை மட்டும் நனைச்சுவிடு. ஏழு பெத்தனான், எனக்குத் தெரியாதே?"

பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று தண்ணி. அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு வாயை மட்டும் அசைத்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. வண்டில் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் கிள்ளியபடி நின்றது. தண்ணீர் கொடுத்திருந்தால் தப்பியிருக்கும் என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

எங்கள் கிணறு வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஊருக்கே தண்ணீர் சுமக்கிறவள் ஏன் ஒரு செம்பு அள்ளிக் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கேட்கவேண்டாம்.

செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு மாமி வேறு கதை சொன்னார். தாய்க்காரி பிலாப்பழம் தீத்தித்தான் பிள்ளை போனது என்றார். நான் பிலாப்பழம் கொடுக்கவில்லை. மாமி என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. "அது அதின்ரை விதி" என்றதோடு சரி. நான் காத்திருந்தேன். மகன் பிறந்தான், அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான், காத்திருந்தேன். பிறகுதான் அந்தப் படம் வந்தது.

படத்தின் கதை உங்களுக்குத் தெரியும். பெரிய வீட்டு மாமியார் மருமகளைப் பழி சொல்லித் துரத்துகிறாள். அவளே படுக்கையில் விழுந்தபோது அந்த மருமகள் திரும்பி வந்து பார்க்கிறாள். கடைசியில் மருமகள் தண்ணீர் எடுத்து நீட்டுகிறாள். மாமியார் அதைக் கையால் விலக்கிவிட்டு, கட்டிலிலிருந்து சரிந்து விழுந்து மருமகளுடைய காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறாள். அதற்குப் பிறகுதான் குடிக்கிறாள். அந்த ஒழுங்கை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. முதலில் மன்னிப்பு, பிறகு தண்ணீர்.

அந்த இடம் வந்ததும் பெண்கள் பக்கம் முழுக்க ஒரு சத்தம் எழும்பும். கச்சான் கடலை கொறிக்கிற சத்தம் நின்றுவிடும். பால் குடிக்கிற குழந்தைகூடப் பயந்து வாயை எடுத்துப் பார்க்கும். வீட்டிலே அழுதால் என்ன கேடு வந்தது என்று கேட்பார்கள். அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் வாளி வாளியாக என்று எழுதினீர்களே, அந்த வாளி எங்களுடையது.

நான் மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். அதற்காகவே போனேன். கனிசியஸ் என்பவருடைய வாடகைக் காரில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பெண்கள் எல்லாரும் ஒருத்தியின் மடியில் ஒருத்தியாக ஏறி, மத்தியானக் காட்சிக்குப் போவோம். திரும்பி வரும்போது கனிசியஸ் பகிடி விடுவார்.

"ஆச்சிமாரே, போகேக்கை இல்லாத பாரம் வரேக்கை இருக்கு. அவ்வளவு கண்ணீரையும் அங்கை விட்டிட்டு வாறதில்லையே? ரயர் தாங்காது."

தியேட்டரில் மாமிக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்தக் காட்சி வந்தபோது அவர் திடீரென்று என் கையைப் பிடித்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். இத்தனை காலம் காத்திருந்தது வருகிறது என்று நினைத்தேன். தியேட்டரில் சனத்துக்கு முன்னால் கூச்சப்படுவார், வழியில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். மானிப்பாய் தாண்டியபோது மாமி வாயைத் திறந்தார்.

"உப்பிடியும் ஒரு மாமி இருப்பாளே? அந்த மருமகப் பெட்டையைப் பார்க்க எனக்கு என்ரை காலம்தான் நினைவுக்கு வந்தது."

காரில் இருந்த கிழவிகள் எல்லாரும் தங்கள் தங்கள் மாமிமாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். சுடுகாட்டுக்குப் போய்ப் பல வருசமான மாமிமார். என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன பிள்ளை, நான் சொல்லுறது சரிதானே என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி" என்றேன்.

நீங்கள் தேடி வந்த காரணம் இதுதான் தம்பி. எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தியேட்டருக்குள் இருக்கிற அத்தனை பேரும் மருமக்கள். பல்லுப்போன கிழவியும் மருமகள்தான். மாமியார் என்று ஒருத்தியும் ரிக்கற் எடுத்து உள்ளே போவதில்லை. அப்படியான படம் எப்படித் தோற்கும்?

ஆனாலும் நான் விடவில்லை. ஒருமுறை பார்த்து விளங்காதது இன்னொருமுறை பார்த்தால் விளங்கும் என்று திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொருமுறையும் அழுதார். ஒவ்வொருமுறையும் அந்தப் பெட்டைக்காகத்தான் அழுதார். பிறகு தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருசம் மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாக்குக் கொஞ்சம் தடித்தது. பேச்சு இருந்தது. அதை நான் கவனித்தேன். பேச்சு இருந்தது.

நான் குறைவைக்கவில்லை. கழுவினேன், துடைத்தேன், புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தேன், கூழ் காய்ச்சித் தீத்தினேன். பக்கத்து வளவு மீனாம்பிகை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உனக்கு அந்தப் படத்திலை வந்த பெட்டையின்ரை குணம், தங்கமுத்து" என்றாள். ஊரே அப்படித்தான் சொன்னது. இப்போதும் சொல்லும், கேட்டுப் பாருங்கள்.

பங்குனியில் என் மனுசன் வன்னிக்கு நெல் அருவி வெட்டப் போய்விட்டார். வெயில் ஏறிக்கொண்டு வந்தது. மாமிக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. அந்த வெயிலுக்கு ஊரில் பலருக்கு அப்படி இருந்தது. நான் தண்ணீர்ப் பானையை எடுத்து அவருடைய கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன்.

"பிள்ளை, தண்ணி" என்றார்.

"தண்ணி குடுத்தால் அவ்வளவும் கீழாலை போயிடும் மாமி. நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றேன்.

நாக்கை நனைத்துவிட்டேன். அவர் எனக்குச் சொன்னபடியே செய்தேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊர்ப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, நான் சரியாகத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய வழக்கமும் அதுதானே.

தனிய இருந்தபோது, "ஒரு சொல்லு இருக்கு மாமி. அதைச் சொன்னால் பானை முழுக்க உங்களுக்குத்தான்" என்றேன்.

மாமி என்னை வெகுநேரம் பார்த்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, உண்மையாகவே யோசித்தார். பிறகு கேட்டார்:

"என்ன சொல்லோணும் பிள்ளை? சொல்லித் தா. சொல்லுறன்."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. படத்திலே அந்த மாமியாருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே வந்தது. சொல்லிக்கொடுத்து வாங்குகிற மன்னிப்பு எனக்கு எதற்கு? மாமி முருகன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். என் மகனுடைய பெயரைச் சொன்னார். செத்துப்போன தன் பிள்ளைகள் ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னார். கமலாவதி என்ற பெயர் மட்டும் வரவில்லை. அது வந்திருந்தாலே நான் கொடுத்திருப்பேன். பிறகு வாயை மட்டும் அசைத்தார். முடிந்ததும் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். நின்றது.

வெயிலால் வந்த நோய் என்று முன்னால் சொன்னேன். உங்களிடம் மறைத்து என்ன? மூன்றுநாள் மூடி வைத்த கூழ் அது. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தீத்தினேன்.

வன்னியிலிருந்து என் மனுசன் வந்து கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்தோம். தாய்க்காக அவர் எள்ளும் தண்ணீரும் இறைத்தார், கேணியில் இறங்கி முழுகினார், காடாற்றிய சாம்பலைக் கடலில் கரைத்தார். அன்றைக்கு மாமிக்குத் தண்ணீருக்குக் குறைவிருக்கவில்லை. என் மனதிலும் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அங்கேயே மன்னித்துவிட்டேன்.

நீங்கள் ஏன் குசினிப் பக்கம் பார்க்கிறீர்கள்? மருமகள் பத்மாசினி கேட்டால் கேட்கட்டும். அவளுக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. போன வருசம் அவளுக்கு ஒன்று வயிற்றில் வந்து, தங்கவில்லை. குடம் சுமந்ததால் என்று அவளுடைய தாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். நான் சுமக்காத குடமா? இடுப்பு நோகுது மாமி, ஆஸ்பத்திரிக்குப் போவமோ என்று கேட்டாள்தான். மிளகாய்க் கன்று நட்டு ஈரம் காய்கிற நேரம், இரண்டு நாள் பொறு என்றேன். தங்காதது அதனுடைய விதி. அதற்கு நான் என்ன செய்ய?

இந்தமுறை படம் வந்ததும் அவள்தான் கேட்டாள், மாமி, நாங்களும் போவமோ என்று. தியேட்டரில் எனக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அந்தக் காட்சி வந்தபோது எனக்குப் பழையபடி அழுகை வந்துவிட்டது. பாவம் அந்தப் பெட்டை, எவ்வளவு பொறுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பத்மாசினி திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதும் செய்கிறதோ என்று பயந்திருப்பாள்.

பஸ்ஸில் வரும்போது, உப்பிடியும் ஒரு மாமி இருப்பாளே பிள்ளை என்று கேட்டேன்.

"ஓம் மாமி" என்றாள்.

நல்ல அடக்கமான பிள்ளை தம்பி. தேத்தண்ணியைத்தான் இன்னும் காணவில்லை. கனநேரமாகக் குசினிக்குள் ஒரு சத்தமும் இல்லை.