வெறுந்துணியில் முகம்

கனடாவில், வோட்டர்லூ பக்கத்துச் சந்தையொன்றில், வேண்டாமென்று கையைத் தூக்கிய ஓர் ஆமிஷ் பெண்ணை நான் படமெடுத்தேன். முகத்தைப் படமெடுப்பது பழமை பேணும் அந்தக் கிறிஸ்தவப் பிரிவினருக்கு ஆகாது என்று தெரிந்தே எடுத்தேன். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியும் வைத்தேன்.

போன மாதம் பிக்கரிங் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் ஆமிஷ் மக்களை ஓவியமாக வரைந்து, அவற்றைக் குறோஸ் ஸ்ரிச் தையல் டிசைனாக்கி விற்பவர் என்று பேச்சில் தெரிந்தது.

“முகத்துக்கு நான் ஒரு தையலும் போடேல்லை. வெறுந்துணிதான். ஆனா டிசைனை வாங்கித் தைச்ச ஆக்கள் முகத்தோட போட்டோ அனுப்பினம்.”

“கண், மூக்கு வைக்காட்டி சனத்துக்கு நித்திரை வராது, அக்கா.”

“எல்லாரும் ஒரே முகத்தையெல்லோ தைச்சிருக்கினம். ஆளையாள் தெரியாத ஆக்கள்.”

“நீங்கள் ஆரைப் பாத்துக் கீறினீங்கள்?”

“பழைய சாமான் கடையில வாங்கின படம். கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறா. முகத்தை மட்டும் ஆரோ வெட்டி எடுத்திட்டினம்.”

வெட்டியது நான். செய்த பிழையைத் தீர்க்க நினைத்து, முகத்தை எரித்துவிட்டு, மிச்சத்தைச் சட்டத்தோடு அந்தக் கடைக்குக் கொடுத்திருந்தேன்.

இளையவர் போனை வாங்கிப் பார்த்தார். “உதென்ன அக்கா, இடது புருவத்தில?”

“தழும்பு. அதை ஒருத்தரும் விடேல்லை.”

நான் எரித்த முகத்திலும் தழும்பு அங்கேதான் இருந்தது. பிக்கரிங்கில் அவர்கள் இறங்கிப் போனார்கள். நான் இறங்கவேண்டிய இடமும் அதுதான். கடைசி நிலையமான ஒஷாவா வரை என்னால் எழும்ப முடியவில்லை.