அவசரக்காரி என்ற இன்ஜின் நகர்ந்தது குறித்து

ஐயா, வாயால் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதித் தருவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நேற்று காவல் நிலையத்தில் நீங்கள் கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. எழுதுவதற்கு உட்கார்ந்தவர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். நான்கு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் வராது. எழுத வரும் என்று சொன்னேன், நீங்களும் அனுமதித்தீர்கள்.

என் பெயரும் வீட்டு எண்ணும் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது இருபத்து மூன்று. ரயில் பணிமனைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் கடைசி வரிசையில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்து வேலை அமையாமல் இருந்தபோது, பணிமனையில் நின்ற பழைய நீராவி இன்ஜினைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தில், பார்க்க வருகிறவர்களுக்கான விளக்கப் பலகைகளை எழுதும் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். அதே நிறுவனத்தில் அப்பாவும் இன்ஜினைக் கவனிக்கச் சேர்ந்தார்.

அந்த இன்ஜின் முதலில் கிளைப் பாதையில் பயணிகள் வண்டி இழுத்தது. அதன் பிறகு ஜல்லி ஏற்றிய பெட்டிகளை இழுத்தது. அதன் பிறகு வெளியே அனுப்பாமல் பணிமனைக்குள்ளேயே பெட்டிகளை இடம் மாற்ற வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அதுவும் இல்லாமல் ஓரிடத்தில் நிறுத்தி, எண்ணெய் டேங்கர்களை உள்ளே கழுவுவதற்கு அதிலிருந்து நீராவி மட்டும் எடுத்தார்கள். அப்பா அதில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தார். நீராவி வண்டிகள் நின்றபோது அவரைத் தண்ணீர் பம்பு பார்க்க மாற்றினார்கள். இவை எல்லாம் அப்பா சொல்லி நான் பலகையில் எழுதியவை.

பலகையில் இன்னொன்றும் எழுதினேன். நீராவியை விடும் வால்வை முழுக்க மூடினாலும் இந்த இன்ஜினில் கொஞ்சம் கசியும். கசிந்தால் நின்ற இடத்தில் நிற்காமல் தானாக நகரும். அதனால் இதற்கு அவசரக்காரி என்று பெயர். இதைவிட்டு இறங்கும் எவரும் கை பிரேக்கை இறுக்கிச் சுற்றாமல் இறங்கமாட்டார்கள். படிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றுதான் அதை எழுதினேன்.

இன்ஜினுக்கு வர்ணம் அடித்தவரை நாங்கள் வார்னிஷ் மாமா என்போம். உறவு கிடையாது, பக்கத்து வரிசை வீடு. அவர் அப்பாவைக் கரி என்றுதான் கூப்பிடுவார். வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைப் பார்த்து, "வாங்க மருமகளே, உங்கப்பன் கரியப் பூசிட்டுப் போவான், நான் தொடச்சிட்டே இருப்பேன், நீங்க அத வரலாறுன்னு எழுதுங்க" என்றார். அப்பா அதற்கு, "உன் பெயிண்ட் ஒரு மழைக்குத் தாங்காதுடா. என் கரி இன்னும் என் நகத்துல இருக்கு பாரு" என்றார். இருவரும் பகலெல்லாம் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

பாய்லரைச் சோதித்தவர்கள் அது ஓட்டத்துக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு நிறுவனத்தின் சூப்பர்வைசர் எங்களை எல்லாம் கூப்பிட்டு, இன்ஜினைக் காட்சிக்குத் திறந்துவைக்கும் விழாவன்று அது தானாக ஓடாது, பின்னாலிருந்து தள்ள ஒரு டீசல் இன்ஜின் இருக்கும், இதன் அடுப்பில் எண்ணெய்த் துணியை எரித்துப் புகைபோக்கியில் புகை வரவைத்தால் போதும் என்றார். அழுத்தம் காட்டும் மீட்டரின் இடத்தில் புது முகப்பு மட்டும் பொருத்தினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. அப்பா, "தண்ணி இல்லாத பாய்லருக்குக் கீழ நெருப்பு வைக்கக் கூடாதுங்க" என்றார். சூப்பர்வைசர், "பெரியவரே, இது இனிமே பாய்லர் இல்ல. அடுப்பு. அடுப்புக்கு மேல தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். 

புகையைப் படம் எடுத்துப் பார்க்க ஒத்திகை வைத்த அன்று காலை நான் அப்பாவுடன் சீக்கிரமே போனேன். இன்ஜின் முற்றத்தில், பாதை முடியும் இடத்தில் உள்ள தடுப்பைப் பார்த்து நின்றது. அப்பா மேலே ஏறி ஒரு மூடியைக் கழற்றி, இன்ஜினைக் கழுவும் குழாயை அதற்குள் விட்டார். நீண்ட நேரம் தண்ணீர் போனது. அதன் பிறகு மூடியைப் பழையபடி இறுக்கினார். நான் "எதுக்குப்பா?" என்று கேட்டேன். "வெறும் பாய்லர்ல நெருப்பு வச்சா அடுப்போட மேல் தகடு வெந்துடும் பாப்பா. அப்புறம் இத எவனும் என்னைக்குமே ஓட்ட முடியாது" என்றார். சின்ன நெருப்புதான், தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் ஒத்திகை முடிந்துவிடும் என்றும் சொன்னார். வார்னிஷ் மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். "அவன் வாய் லவுட் ஸ்பீக்கர். சூப்பர்வைசர் காதுல விழுந்துடும்."

அதன் பிறகு அப்பா துணிகளைப் போட்டுச் சிறியதாக நெருப்பு மூட்டினார். புகை வந்தது. அதன் பிறகு விழாவுக்காக வைத்திருந்த டிரைவர் உடையைப் போட்டுப் பார்க்க அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இறங்குவதற்கு முன் அவர் கை பிரேக்கின் சக்கரத்தைச் சுற்றினார். அது மேலும் சுற்றாத அளவுக்குச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒருமுறை இழுத்தும் பார்த்தார். நான் கீழே பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றதால் இதை என் கண்ணால் பார்த்தேன். அவர் பிரேக் போடவில்லை என்று சூப்பர்வைசர் கொடுத்த வாக்குமூலத்தில் இருப்பதாக நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அது தவறு.

அப்பா போன பிறகு படம் எடுப்பவர்கள் புகை போதாது என்றார்கள். சூப்பர்வைசர் ஆட்களை விட்டு உடைத்த மரப்பெட்டிகளையும் கழிவு எண்ணெயையும் அடுப்பில் போடச் சொன்னார். நெருப்பு கதவுக்கு வெளியே நாக்கை நீட்டியது. இப்படியே நெடுநேரம் எரித்தார்கள். உள்ளே தண்ணீர் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் வெந்நீர் என்று மட்டும்தான் நினைத்தேன். வார்னிஷ் மாமா இன்ஜினுக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இன்ஜினின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் எண் எழுதிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அப்பா அலுவலகத்திலிருந்து அந்த உடையோடு வந்தார். தொப்பி பெரிதாக இருந்ததால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். அப்போது புகைபோக்கியிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்ததை எல்லாம் எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். ஒரு கணம்தான். அதற்குள் இன்ஜின் நகர்ந்தது. அப்பா "வார்னிஷ், எந்திரிடா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். தொப்பி விழுந்தது. மரம் கருகும் வாடை அடித்தது, அடுப்பிலிருந்து வருகிறது என்று எண்ணினேன். அப்பா மேலே ஏறிக் கிடைத்த வால்வை எல்லாம் திறந்து நீராவியை வெளியே விட்டபோது அவருடைய இரண்டு கைகளும் முகத்தின் ஒரு பக்கமும் வெந்தன. இன்ஜின் தடுப்பில் முட்டி நின்றது. மாமாவின் இடுப்பு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அவர் கையில் தூரிகை அப்படியே இருந்தது.

இருவரையும் வேறு வேறு வண்டியில் கொண்டுபோனார்கள். அதன் பிறகு நான் மாமாவைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு நினைவு இருந்தது. உள்ளே தண்ணீர் இருந்ததை அவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்து, "எனக்குத் தெரியாம ஒரு வேல செஞ்சிட்டானா கரி? சரி, நானும் ஒண்ணு செஞ்சேன்" என்றார். சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் இரும்புப் பிரேக் கட்டைகள் துருப்பிடித்துச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டதால் சூப்பர்வைசர் அவற்றைக் கழற்றச் சொன்னாராம். பார்வைக்கு வேண்டுமே என்று அதே வடிவத்தில் மரத்தில் செய்து மாட்டி, மாமாவை வர்ணம் பூசச் சொன்னாராம். பெரியவருக்குச் சொல்லாதே, தகராறு பண்ணுவார் என்றாராம். மாமா என்னிடம், "கரிகிட்ட அது மரக்கட்டைன்னு சொல்லிடாத மருமகளே. இரும்புன்னு நம்பித்தான் சுத்தியிருப்பான். மனசு விட்டுடுவான்" என்றார். பிறகு, "நான் வேலைன்னு செஞ்சதுல அச்சு அசலா வந்தது அது ஒண்ணுதான், பாரு" என்றார். சிரிக்கப் போனார், வலித்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டார். மாமாவின் மனைவி, நாங்கள் அத்தை என்போம், தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தார். இதை வேறு யாரும் கேட்கவில்லை. சில நாட்கள் கழித்து மாமா இறந்துவிட்டார்.

விழா குறித்த தேதியில் நடந்தது. புகைபோக்கிக்குள் புகை விடும் மெஷின் வைத்திருந்தார்கள். பாதி எழுதிய எண்ணை மறைத்து முன்னால் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். என் பலகையும் அங்கேயே இருந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் நான் போய் வீட்டுச் சாவியால் பிரேக் கட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். இரும்பு. நான்கையும் சுரண்டினேன், நான்கும் இரும்பு. பெயிண்ட் காயாமல் விரலில் ஒட்டியது. வார்னிஷ் மாமா பூசியிருந்தால் ஒட்டாது. மரக்கட்டைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "எந்தக் கட்டைம்மா? படிச்ச பொண்ணு நீ, கதை கட்டாத" என்றார். என் சொல்லைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. நான் குற்றம் சாட்டப்பட்டவரின் மகள் என்பதும் எனக்குத் தெரியும்.

தண்ணீர் ஊற்றியதைச் சொல்லாமல் விடும்படி அம்மா கேட்டார். "தண்ணிய யார் ஊத்துனான்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார். யாருக்கும் தெரியாததால், கழுவும் வேலை செய்பவரைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அன்று வேலைக்கே வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன். இதனால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேலே உள்ளவை நான் கண்டதும் என் காதால் கேட்டதும் மட்டுமே. எவரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ எழுதவில்லை. முழுவதையும் திரும்பப் படித்து, சரி என்று கண்டு, கையொப்பம் இடுகிறேன்.

(கையொப்பம்)

ஐயா, கையொப்பத்துக்குக் கீழே இடம் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். அப்பா மருத்துவமனையில் உங்கள் காவலில் இருக்கிறார். மாமா இறந்தது அவருக்குத் தெரியாது. எங்களை உள்ளே விடும்போதெல்லாம், கட்டுப் போட்ட கையைத் தூக்கி, "வார்னிஷுக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். "எந்திரிச்சு உக்கார்றாராம்" என்று அம்மா சொல்லிவிட்டார். அடுத்த முறை, "நிக்கிறாராம்" என்றும் சொல்லிவிட்டார். இந்தத் தாளை ஒருநாள் கோர்ட்டில் அப்பாவை நிற்க வைத்து அவர் முன்னால் சத்தமாக வாசிப்பீர்கள். அது மரக்கட்டை என்பதை அவர் அங்கேயே தெரிந்துகொள்ளட்டும். மாமா இறந்ததை மட்டும் அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். எனக்குப் பேச வராது, கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை காவலர் வாசலுக்கு வெளியே நிற்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.