அவன் குறைய நீ சொல்லு

மேடையில இருக்கிற பெரியவங்களே, ஐயாவோட சம்சாரம் விசாலாக்ஷி அம்மா, பாய்ல குந்தியிருக்கிற எங்க குப்பத்து சனங்களே, எல்லாருக்கும் நாகராஜு வணக்கம். மைக்கு கையில வந்தா நான் லேசுல விடமாட்டேன். 'சுருக்கமா நாகராஜ்'னு ஐயா சொல்லுவாரு. இன்னிக்கு சொல்ல ஆளில்ல.

தூதர் பரத்வாஜ் ஐயா! என் வாயில பேரு நுழையாத ரெண்டு தேசத்து சண்டைய நிறுத்தி மெடலு வாங்கினவரு! போரு நியாயந்தான்னு உலக சபையில சர்க்காரு பேசச் சொன்னப்ப, பதவியே வேணாம்னு வந்தவரு! அப்பேர்ப்பட்டவரு தினம் காலையில எங்க கரையில இன்னா பண்ணாரு? மீனு தின்னாத மனுசன். வஞ்சிரம் எது, சங்கரா எது, தெரியாது. மீனு விக்கிற செண்பகம் கேப்பா, "இன்னா மாமா, மீனா வாங்கப் போற?"

"இல்லம்மா, சண்டை ஏதாவது இருக்கான்னு பாக்க வந்தேன்."

இருந்துச்சே! வடிவேலோட மோட்டாரு படகு என் வலைய அறுத்துடுச்சு. நான் துடுப்பத் தூக்கினேன், அவன் கத்தியத் தூக்கினான். ஐயா வேட்டிய மடிச்சுகினு நடுவுல வந்து மண்ணுல உக்காந்துட்டாரு.

"நாகராஜ், உன் குறைய நீ சொல்லப்படாது. அவன் குறைய நீ சொல்லு. அவன் சரின்னு ஒத்துக்கணும்."

"அவனுக்கின்னா குறை? கொழுப்பு!"

"தப்பு. மறுபடி சொல்லு."

வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சு. அம்மாவே தேடிகினு வந்துட்டாங்க. "ஆத்துக்கு வரேளா, இல்லையா?"

"செத்த இரு, இந்த யுத்தம் முடியப் போறது."

கடைசில சொன்னேன்: "வலை மேல கொடி கட்டலன்னா, மோட்டாருல வர்றவனுக்கு எப்டித் தெரியும்?" வடிவேலு கத்தியக் கீழ போட்டான். "அதான் நைனா!" அப்புறம் என் குறைய அவன் சொன்னான். கொடியும் வந்துச்சு, புது வலையும் வந்துச்சு.

ஐயா கண்ண மூடின மறுநாளே, படகு நிறுத்துற எடத்துக்கு மறுபடி தகராறு. இங்க பாருங்க, வடிவேலு ஆளுங்க அந்தப் பக்கம், எங்க ஆளுங்க இந்தப் பக்கம். இனிமே யாரு தீத்து வைப்பான்னு கேக்குறாங்க. ஏன் யாராவது வரணும்? வழிய நம்ம கையில குடுத்துட்டுத்தானே போனாரு! அத நாம விடலாமா? நான் விடமாட்டேன்!

வடிவேலு, எழுந்திரு. உன் பக்கம் கரைய அலை அரிச்சுடுச்சு, படகு ஏத்த மண்ணே இல்ல. எங்க பக்கம் வராதேன்னா நீ படகத் தலையிலயா வச்சுக்குவ? இதானே உன் குறை?

சொல்லு மச்சான். தப்புன்னா மறுபடி சொல்றேன். மைக்கு என் கையிலதான் கீது.