முப்பது வீடுகள் அணைந்த நான்கு நிமிடங்கள்

பெயர்: அருள்குமார், வயது 38, த/பெ பாலுசாமி. கோவை பீளமேட்டில் குடியிருந்து, தனியார் சூரிய மின் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக வேலை பார்த்து வருகிறேன். 22-07-2024 திங்கட்கிழமை காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, சார்பு ஆய்வாளர் முன்பாகச் சொல்வது:

உடுமலைப்பேட்டைக்கு மேலே காட்டுக்குள் உள்ள ஈட்டிப்பாறைக் குடியிருப்பில் மொத்தம் முப்பத்தொரு வீடுகள். இரண்டு வருடம் முன்பு அங்கே சூரிய மின்சாரம் அமைத்ததே நான்தான். போன் சிக்னல் கிடையாது. இன்வெர்ட்டர் அறைக் கூரையிலுள்ள செயற்கைக்கோள் ஆன்டெனா வழியாக, ஊரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது மட்டும் என் கைப்பேசிக்கு வரும். இங்கிருந்தே நிறுத்தவும் முடியும். ஆனால் திரும்பப் போடுவதென்றால் அங்கே ஓர் ஆள் எல்லாக் கம்பங்களையும் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். அந்த விதியை எழுதியவனும் நான்தான். சென்ற வருடம் யானை ஒரு கம்பத்தைச் சாய்த்து, ஈரத்தில் கிடந்த வயரை மிதித்து ஒரு பசு செத்தது. அதன் பிறகு, ஐந்து நிமிடத்துக்குள் ஓட்டம் பாதியாகக் குறைந்தால் வயர் அறுந்ததாக எடுத்துக்கொண்டு உடனே நிறுத்திவிட வேண்டும் என்று இன்னொரு விதி வைத்தேன். அதற்காக அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த மாதம் முதல் வாரம் செவிலியர் சாஜிதா பேகம், அந்தக் குடியிருப்பில் உள்ள ஆறுச்சாமி என்பவர் மனைவி மயிலாத்தாளுக்கு, வயது 46, ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின் கொண்டுவந்தார். மயிலாத்தாள் அடுப்புப் புகையில் நுரையீரல் கெட்டுப்போனவர். மெஷினுக்கு நான் போய் பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்தேன். அப்போது மழை பிடித்துக்கொண்டால் எப்படி என்று ஆறுச்சாமி கேட்டார். மற்ற வீடுகளில் அணைத்துவிட்டால் இந்த மெஷினுக்கு இரவு முழுக்க பேட்டரி நிற்கும் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

18-07-2024 வியாழக்கிழமை, அங்கே ஐந்தாவது நாளாக மழை. மாலை ஏழு மணிக்கு மேல் நான் பீளமேட்டில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது. 7.12-க்கு ஆயிரத்து நூறு வாட் ஓடிக்கொண்டிருந்தது, 7.16-க்கு முந்நூற்று நாற்பதாகிவிட்டது. மறுபடியும் யானைதான் என்று நினைத்து, 7.17-க்கு நிறுத்தினேன். அதன் பிறகு டீயை முழுசாகக் குடித்தேன். இதையும் எழுதச் சொல்கிறேன்.

அங்கே மெஷின் நின்றுவிட்டது. மாற்று ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்புவதற்குக் கீழே கொண்டுபோயிருந்த ஜீப் மழையில் ஏறவில்லை. அந்த ஊரில் கரண்ட் பார்க்கும் கதிர் என்பவர், வயது 26, நான் பழக்கிய ஆள். டார்ச்சை எடுத்துக்கொண்டு பத்தொன்பது கம்பங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, 8.31-க்குத் திரும்பப் போட்டார். மயிலாத்தாள் எட்டு மணிக்கு முன்பே இறந்துவிட்டார்.

எங்கள் நிறுவனம் கொடுத்துள்ள அறிக்கையில், கதிர் தாமதம் செய்ததால் சாவு ஏற்பட்டதாக உள்ளது. அது பொய். அவர் நான் சொன்னதைத்தான் செய்தார். ஊர்க்காரர்களும் நான் சொன்னதைத்தான் செய்தார்கள்.

மறுநாள் 19-ந் தேதி நான் அங்கே போய், ஏன் ஓட்டம் குறைந்தது என்று ஆறுச்சாமியிடம் கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரியே எல்லா ஊட்லயும் அணைச்சுப்போட்டோமுங்க. அப்புறமும் ஏனுங்க நின்னுபோச்சு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதன் பிறகு அந்த நான்கு நிமிடங்களின் மின் ஓட்டத்தைக் காட்டும் கோட்டைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வயர் அறுந்தால் கோடு ஒரே அடியாக விழும். இது படிப்படியாக இறங்கியிருந்தது. எண்ணினேன், முப்பது படி. ஒரு படி ஒரு வீடு, மயிலாத்தாள் வீடு மட்டும் மிச்சம். அன்றைக்கே விரலால் ஒரு தடவை பெரிதாக்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கண்ணை மூடினால் அந்தப் படிகள்தான் இறங்குகின்றன. சாப்பிடும்போதும் எண்ணுகிறேன்.

அந்த 19-ந் தேதி மாலையே, நிறுத்தச் சொல்லும் அந்த விதியை நீக்குவதற்காக இன்வெர்ட்டர் அறையில் உட்கார்ந்திருந்தேன். மழை விடவில்லை, பேட்டரியும் குறைவு. 6.50-க்கு என் கண் முன்னாலேயே அங்குள்ள திரையில் கோடு மறுபடி இறங்க ஆரம்பித்தது. வெளியே ஓடினேன். ஊரே இருட்டாக இருந்தது. வாசலில் ஆறுச்சாமி நின்றிருந்தார். "நீங்க வெளிச்சத்துல வேலையப் பாருங்க. நாங்க எல்லாரும் அணைச்சுட்டமுங்க" என்றார். உள்ளே வந்து எண்ணிப் பார்த்தேன். இந்த முறை முப்பத்தொரு படி இருந்தது.

கதிர் மீது எந்தக் குற்றமும் இல்லை. நிறுத்தியது என் கை. இரண்டு நாளின் கோட்டுப் படங்களையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்ததுதான், எதையும் குறைக்கவில்லை.

(ஒப்பம்) பா. அருள்குமார்