ஜீப்பில் வந்த மாமியார்

செவ்வாப்பேட்டையில் ரயில் நின்றபோது, எதிர் சீட்டில் கம்பெனிச் சீருடையில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"காட்டுல யானை வர்ல. செத்துப்போன எங்க சூப்பர்வைசர் மாமியாதான் வந்துச்சு."

நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

"இன்னாடி சொல்ற?"

"காட்டுல ஜீப்புல கூட்டிட்டுப் போயி யானை காட்டுறாங்க, மலை ஜனங்களே சேர்ந்து நடத்துற கேம்ப்புடி. காய்ச்சல்னு லீவு சொல்லிட்டு ஊட்டுக்காரரோட போனேன். ஜீப்புல ஏறுனா, முன்சீட்டுல சூப்பர்வைசரு, பக்கத்துல ஒரு கெழவி. மாமியா செத்துட்டாங்கன்னு லீவுல போனவரு. கம்பெனில நாங்கல்லாம் எழுந்து நின்னு மௌன அஞ்சலி கூட செஞ்சோம்."

"அப்புறம்?"

"நான் துப்பட்டாவ மூஞ்சில சுத்திக்கினேன். வண்டி ஓட்டுன அந்த ஊரு அண்ணன், யாரும் சத்தம் போடாதீங்கன்னாரு. ஒடனே கெழவி, 'மாப்ள, யானை எப்ப வரும்?'னு கேட்டுச்சு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவரு திரும்பிப் பார்த்துட்டாரு."

"போச்சு, வேலைய உட்டுத் தூக்கிட்டாரா?"

"எப்பிடித் தூக்குவாரு? காய்ச்சல் எப்பிடிக்கீதுன்னு கேட்டாரு. தேவலாம் சார்னேன்."

"அத்தோட உட்டாரா?"

"நேத்து, வர்ற வெள்ளிக்கு லீவு கேட்டேன். அன்னிக்கு அவரும் லீவாம், மாமியாருக்குப் பதினாறாம் நாள் காரியம். 'நீ எந்தப் பக்கம் போற, மொதல்ல அதச் சொல்லு'ன்னாரு."