சிஸ்காவை ஏன் கொடுக்கிறேன்

அவளுக்கு ஈரல் பேஸ்ட் தடவிய ரொட்டி என்றால் உயிர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், விளம்பரத்தில் எழுத மறந்துவிட்டேன். உட்காருங்கள், கோட்டை அந்த நாற்காலி மேல் போடுங்கள். காபி இறங்கிவிட்டது. சிஸ்கா இப்போது சோபாவுக்கு அடியில் இருக்கிறாள். புது ஆள் வந்தால் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் தானே வந்து உங்கள் ஷூவை முகர்ந்து பார்ப்பாள்.

வயது வந்த பெண் பூனைக்கு ஏன் இன்னும் கருத்தடை செய்யவில்லை, எனக்கு அவள் எப்படிக் கிடைத்தாள், இப்போது ஏன் கொடுக்கிறேன் என்று போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். ஃப்ரீஸ்லாந்தில் நாங்கள் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை, மறைக்க என்ன இருக்கிறது. அதுவுமில்லாமல் நீங்கள் நாட்டின் மறுகோடியிலிருந்து, லிம்பர்க்கிலிருந்து வருகிறீர்கள். இங்கே உங்களுக்கு யாரையும் தெரியாது.

எதிரே தெரிகிறதே பச்சைக் கதவு, அந்த வீட்டில்தான் சிஸ்கா இருந்தாள். வோபே என்று ஒரு பெரியவர். கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஹில்யா கர்ப்பப்பை அறுவை செய்துகொண்டு, கொஞ்ச காலம் இருந்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். பூனைக்குக் கருத்தடை என்று பேச்சு வந்தபோது அவள்தான் தடுத்தாளாம். "இந்த வீட்டுல ஒருத்தி வயித்தக் கிழிச்சுக்கிட்டது போதும்" என்றாளாம். அந்த வார்த்தையை மனுஷன் கடைசிவரை காப்பாற்றினார். சிஸ்காவுக்குப் பருவம் வந்து கத்தும்போதெல்லாம் கதவை எல்லாம் சாத்திவிட்டு, ரேடியோவில் பேண்டு வாத்தியத்தை அலறவிடுவார். தெருவே சிரிக்கும்.

எனக்கு ஒரு பூனை வேண்டியிருந்தது. வெறும் பூனை இல்லை, குட்டி போடுகிற பூனை. காப்பகத்தில் கேட்டுப் பார்த்தேன், அங்கே அறுவை முடிக்காமல் ஒன்றையும் வெளியே விடமாட்டார்கள். இத்தனை வயதுக்கு என் வீட்டில் எதுவும் பிறந்ததில்லை. அது எனக்குப் பெரிய ஏக்கமாக இருந்தது, சொல்வதில் என்ன வெட்கம். தினமும் எதிர் ஜன்னலில், ஒரே மாதிரியான இரண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே, அந்தச் சாம்பல் நிற அழகி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டே விட்டேன். வோபே விழுந்து விழுந்து சிரித்தார்.

"வேணும்னா வீட்ட எடுத்துக்கம்மா ரென்ஸ்கா, பூனைய மட்டும் கேக்காத."

நானும் சேர்ந்து சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை. எனக்கு அவரை எப்போதுமே பிடிக்கும்.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே ஒருவர் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் குப்பை எடுக்க ஒரு வாரம் பச்சைத் தொட்டி, மறுவாரம் சாம்பல் நிறத் தொட்டி என்று முறை உண்டு. பச்சைத் தொட்டி வாரத்தில் சாம்பல் நிறத் தொட்டியை வெளியே வைத்துப் பாருங்கள், எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். வோபே ஒருநாள் அப்படி வைத்துவிட்டார். வயசாகுதுல்ல என்று தானே கேலி செய்துகொண்டார். அடுத்த முறையும் அதே போல ஆனபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அப்புறம் இன்னொரு முறை. அன்றைக்குத் தொட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். உருட்டினால் சக்கரம் சத்தம் போடும் என்பதால் விடியற்காலையில் ஒவ்வொரு முறையும் அவர் தொட்டியை நான் தூக்கித்தான் மாற்றி வைக்கவேண்டியிருந்தது. இடுப்பு என்ன பாடுபட்டது தெரியுமா. ஒரு வாரம் தைலம் தேய்த்தேன்.

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி ஒரு டப்பாவை வைத்து ஒரு வேடிக்கை நடந்தது. உங்கள் பக்கம் எப்படியோ, இங்கே பிறந்தநாளுக்கு எல்லோரும் வட்டமாக உட்காருவோம், டப்பா ஒரே ஒரு சுற்று வரும், மூடி விழும். வோபேவின் பிறந்தநாளுக்கு அவர் மகள் நீன்கா ஸ்வோலாவிலிருந்து வந்திருந்தாள். டப்பா மூடியதும் நான் அவர் காதோடு, எனக்குக் கிடைக்கவில்லை என்றேன். நல்ல மனுஷன், உடனே மூடியைத் திறந்து முதல் ஆளிலிருந்து மறுபடியும் நீட்ட ஆரம்பித்தார்.

"அப்பா, இப்பத்தானப்பா குடுத்த."

"ரென்ஸ்காவுக்குக் கிடைக்கலம்மா. அவதான் சொன்னா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் பாதி தின்ற பிஸ்கட் இருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அதை லேசாகத் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான். நீன்கா சமையலறைக்குள் போய் அழுதாள். பின்னாலேயே போய் முதுகைத் தடவிக்கொடுத்தவள் நான்தான்.

அடுத்தது அவருடைய சைக்கிள். அந்த விஷயத்தில் அதிர்ஷ்டமும் கூட நின்றது. அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது, என் வீட்டுச் சாவி அவரிடம். பக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படி மாற்றி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். சைக்கிளின் மாற்றுச் சாவி எந்த இழுப்பறையில் இருக்கும் என்பதும் தெரியும். அவர் கடைக்குள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சைக்கிளை எடுத்துக்கொண்டுபோய்ப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு, காற்று வாங்கிக்கொண்டே நடந்து வந்தேன். அருமையான வெயில் அன்றைக்கு. ஊரே தேடியது. கிடைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, பாவம், பழைய பாலத்து வேலைக்குப் போகிறோம் என்று நினைத்துப் போயிருக்கிறார் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அது நான் யோசித்ததே இல்லை. பாலம் கிட்டத்தில் இருந்தது, அதனால் அங்கே விட்டேன்.

அன்று மாலை வோபே இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தார். பட்டாணி சூப் கொடுத்தேன், கரண்டியைத் தொடவில்லை.

"ரென்ஸ்கா, சைக்கிள நான் கடை வாசல்லதான் விட்டேன். கண்ணால பாத்தாப்புல ஞாபகம் இருக்கு. என் தலைக்குள்ள என்னமோ ஆகுது. மத்தவங்க என்ன வேணா சொல்லட்டும், நீ மட்டும் எங்கிட்ட பொய் சொல்லாத."

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் வோபே. நான் இருக்கேன்ல" என்றேன்.

என்னை அவ்வளவு நம்பிப் பேசியவர்கள் குறைவு. அவர் அழுதார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். சூப்பை மறுநாள் நானே சூடாக்கிக் குடித்தேன்.

பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. சிஸ்காவுக்கு மறுபடியும் பருவம் வந்தது, பேண்டு வாத்தியமும் ஆரம்பித்தது. வோபே முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் உள்ளே போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தேன். அவளை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, அவளாகத்தான் போனாள். வோபே கையில் ஈரல் பேஸ்ட் டின்னை வைத்துக்கொண்டு கால்வாய்க் கரை முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். மழை வேறு. நானும் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்து, சிஸ்கா, சிஸ்கா என்று கூப்பிட்டேன். அவள் அப்போது என் தோட்டத்துக் கொட்டகையில்தான் இருந்தாள், சௌக்கியமாக. துணைக்குப் பால் பண்ணையிலிருந்து ஒரு கடுவன் பூனையை வாங்கி வந்து விட்டிருந்தேன். எலித் தொல்லை என்று சொன்னேன், சந்தோஷமாகக் கொடுத்தார்கள்.

சில நாள் கழித்து அவளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய், வயல் பக்கம் கிடைத்தாள் என்றேன். வோபே அவளை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கதவச் சாத்துனேனான்னுகூட எனக்குத் தெரியல. இன்னொரு தடவை இப்படி ஆனா வண்டி கிண்டி அடிச்சிரும். நீயே வச்சுக்கம்மா. எங்கிட்ட இருந்தா செத்துருவா."

யோசித்துப் பாருங்கள், கேட்காமலே கொடுத்தார். அவர் வாயால் சொல்லி, அவர் மனதார. எனக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளைக் கூட்டிவந்து காட்டவேண்டும், வேறு யாருக்கும் கொடுத்துவிடக்கூடாது, இரண்டே வேண்டுகோள்தான் வைத்தார். சத்தியமாக என்றேன்.

சிஸ்கா போனபிறகு அவருக்கும் அந்த வீட்டில் பிடிப்பு விட்டுப்போயிற்று. நீன்கா முதியோர் இல்லத்தில் இடம் கேட்டபோது மறுத்துப் பேசவே இல்லை. அவருடைய நாற்காலியைப் பிரித்து வண்டியில் ஏற்ற நான்தான் உதவினேன். நீங்க மட்டும் இல்லன்னா அப்பா என்ன ஆகியிருப்பாரோ என்று நீன்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அவர் இல்லத்துக்குப் போன பிறகு ஒரு மருத்துவர் அவரைச் சோதித்தாராம். கேட்டதற்கெல்லாம் பதில் டக் டக்கென்று வந்திருக்கிறது, மருத்துவருக்கே குழப்பம். அன்றைக்கு ஏதோ நல்ல நாள் போலிருக்கிறது என்று நீன்காவிடம் சொன்னேன், அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதற்குள் வீடு கைமாறிவிட்டது. இப்போது ஓர் இளம் ஜோடி இருக்கிறது, தொட்டியெல்லாம் சரியான வாரத்தில் வைக்கிறார்கள்.

குட்டி போட்டாளே, அந்த நாளை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இதோ இந்த மேசைக்கு அடியில்தான், என் பழைய ஸ்வெட்டர் மேல். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக வரவர எனக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது. குழந்தை பிறந்தால் செய்வது போல ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சோம்பு மிட்டாய் தூவித் தெரு முழுக்கக் கொடுத்தேன். வோபேவுக்கும் இல்லத்துக்கே கொண்டுபோனேன். தாடியெல்லாம் மிட்டாய் சிந்த, "நான் தாத்தாவாயிட்டேன்" என்று அங்கிருந்த நர்ஸ் எல்லோரிடமும் சொன்னார்.

குட்டிகள் நல்ல வீடுகளுக்குப் போய்விட்டன. அதோடு என் ஆசையும் தீர்ந்தது, உள்ளதைச் சொல்கிறேன். இவள் பழையபடி பருவம் வந்து கத்துகிறாள். எனக்குப் பேண்டு வாத்தியம் ஆகாது. மற்ற நேரமெல்லாம் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்து அந்தப் பச்சைக் கதவையே பார்க்கிறாள். ஒரு வீட்டில் எத்தனை நாள் ஒருத்தியின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது. உங்களிடம் தோட்டம் இருக்கிறது, தூரத்து ஊர், அவளுக்கும் மாற்றமாக இருக்கும். பாருங்கள், வந்துவிட்டாள். ஷூவை முகர்கிறாள் பாருங்கள், உங்களைப் பிடித்துவிட்டது.

வோபேவை நினைத்து நீங்கள் சங்கடப்படவேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை, சோதித்துப் பார்க்கலாமே என்று, சிஸ்காவின் கூடை இல்லாமல் போனேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், சிஸ்கா எங்கே என்றார்.

"இவ்வளவு நேரம் உங்க மடியிலதான தூங்கினா வோபே. இப்பத்தான் கொண்டுபோய் வண்டியில வச்சுட்டு வரேன். மறந்துட்டீங்களா" என்றேன்.

கொஞ்ச நேரம் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கையை அங்கே வைத்து, தடவிப் பார்த்தார். "ஆமா, நல்லாத் தூங்கினா. சூடு இன்னும் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மனது நிறைந்துவிட்டது. அவரை அப்படிச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை.