என் பங்கு ரம்

ஓடுகிறோம். இடுப்பளவு பனி. தலைக்கு மேல் விசில் சத்தம். எண்ணுகிறேன். மூன்று ஷெல். "படுங்கடா!" பின்னால் பங்கரிலிருந்து ஹவில்தாரின் குரல். படுத்தோம். நாலாவது எங்கள் பங்கர் மேலேயே விழுந்தது. மாலை நாலு பத்து. அடுப்பு, ரேடியோ, கம்பளி எல்லாம் உள்ளே. எங்களை முதலில் வெளியே தள்ளிய ஹவில்தாரும் உள்ளே.

மிச்சம் நானும் கோபியும். நான் பாலசமுத்திரம், அவன் விஜயபுரம். மூச்சுக்கே பஞ்சமான அந்த வடக்கு எல்லையில், நம் பாஷை பேச எனக்கு அவன், அவனுக்கு நான்.

பாறை இடுக்கில் ஒதுங்கினோம். ஷெல் நின்றது. கோபியின் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் தனியாகக் கேட்டது. கீழ் முகாமிலிருந்து ஆள் வர இரண்டு மணி நேரமாகும். அதுவரை அவன் தாங்கினால் போதும்.

நான் குடிப்பதில்லை. திடப்படுத்தல் சடங்கின்போது எங்கள் திருச்சபையில் முழங்கால் போட்டுக் கொடுத்த வாக்கு. பட்டாளம் தரும் ரம்மில் என் பங்கு எப்போதும் கோபிக்குத்தான். இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பேன். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கே குளிருக்கு பிராந்தி கொடுப்பார்கள். எனக்கு வேறென்ன தெரியும்? முழுசாகக் கொடுத்தேன்.

அவன் முகம் சிவந்தது. நடுக்கம் நின்றது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், முட்டாள் நான்.

"சூடா கீதுடா," என்கிறான். சிரிக்கிறான். கையுறையைக் கழற்றுகிறான். கோட்டை அவிழ்க்கிறான். "காளஸ்தி வெயிலு மாதிரி கீது." நான் மாட்டிவிடுகிறேன், அவன் தள்ளிவிடுகிறான். எனக்கும் தெம்பு இல்லை. பிறகு நாக்கு குழறியது. பிறகு அதுவும் நின்றது. ஆள் வந்தபோது ஆறு இருபது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். ரம், உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்துவிடுமாம். தோல் அதைப் பனிக்குக் கொடுத்துவிடுமாம். சூடாக இருப்பதுபோல் தோன்றுவது அதனால்தான். நடுக்கம்தான் உடம்பு தனக்கு மூட்டிக்கொள்ளும் அடுப்பாம். அதை அணைத்தது நான். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

விஜயபுரம் போனேன். கோபியின் நைனா என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

"நடுங்கிக்கினு இருந்தானா? சூடா எதனா குடுத்தியாபா?"

குடுத்தேன் என்றேன். நீ நல்லா இருக்கணும் என்றார். கொடுத்தது ரம் என்றோ, அது செய்தது என்ன என்றோ அவருக்கு இன்றும் தெரியாது.

போனது இவ்வளவு. ஹவில்தார், ஷெல்லில். என் இடது கை விரல் மூன்று, பனியில். கோபி, என் கையால்.